ஒரு கவுண்டி, இரண்டு உயர்நிலைப் பள்ளிகள்

நினைவுச் சொற்பொழிவில் இலக்கியம் பேசுவதுதான் வழக்கம். நான் இரண்டு பள்ளிக் கட்டடங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1946-ல் அண்ணல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டூபாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். தீண்டப்படாதோர் நிலைக்கும் கறுப்பர் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சொல்லி, கறுப்பர்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் படியைக் கேட்டார். டூபாய்ஸ் மறுமொழியும் எழுதினார். அவர் சொன்ன அந்த ஒற்றுமை எது வரை போகிறது என்று பார்க்க எனக்குக் கிடைத்த இடம், வெர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்டு கவுண்டி. புகையிலை விளையும் நாட்டுப்புறம். அதன் தலைநகரம் ஃபார்ம்வில் என்ற சிற்றூர்.

அங்கே வெள்ளையருக்கு ஃபார்ம்வில் உயர்நிலைப் பள்ளி, கறுப்பருக்கு மோட்டன் உயர்நிலைப் பள்ளி. இரண்டுமே அரசுப் பள்ளிகள், இரண்டையும் நடத்தியது ஒரே கல்விக் குழு. வெள்ளையர் பள்ளியில் உடற்பயிற்சிக் கூடம், உணவுக்கூடம், நோயுற்ற பிள்ளை படுக்க ஓர் அறை எல்லாம் இருந்தன. மோட்டனில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. இயற்பியல், உலக வரலாறு, லத்தீன் ஆகியவை அங்கே உண்டு, இங்கே இல்லை. மோட்டன் 1939-ல் 180 மாணவர்களுக்காகக் கட்டப்பட்டது. 1951-ல் 450 பேருக்கு மேல் படித்தார்கள். இடம் போதாமல் கல்விக் குழு போட்டுத் தந்தவை, மரச்சட்டத்தின் மேல் தார்த்தாள் அடித்த கொட்டகைகள். மழை பெய்தால் உள்ளே குடை பிடிக்க வேண்டும். குளிரில் அடுப்பருகே இருந்தவனுக்கு வெந்தது, கடைசி வரிசைக்காரன் மேலங்கியோடு நடுங்கினான். வழிப்போக்கர்கள் அதைக் கோழிப்பண்ணை என்று நினைத்தார்களாம்.

பார்பரா ஜான்ஸுக்கு அப்போது 16 வயது. ஒருநாள் காலை பேருந்தைத் தவறவிட்டுச் சாலையோரம் நின்றாள். வெள்ளைப் பிள்ளைகளின் பேருந்து பாதி காலியாக அவளைக் கடந்து போனது. 1951 ஏப்ரல் 23 அன்று, பேருந்து நிலையத்தில் மாணவர்கள் சிக்கலில் இருப்பதாகத் தொலைபேசியில் பொய்ச்சேதி சொல்லித் தலைமை ஆசிரியரை வெளியே அனுப்பிவிட்டு, மாணவர் அனைவரையும் மன்றத்தில் கூட்டினாள். அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் இரண்டு வாரம் நீடித்தது.

பிள்ளைகள் கேட்டது என்ன? ஒரு நல்ல கட்டடம், அவ்வளவுதான். உதவிக்கு வந்த வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனும் அதற்காக வழக்காட மறுத்தார்கள். பிரித்துவைப்பதையே எதிர்ப்பதானால் வருகிறோம் என்றார்கள். அந்த நிபந்தனையை ஏற்ற பெற்றோரின் துணிச்சலைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன், ஏனென்றால் அவர்களில் பலருக்குப் பிழைப்பு வெள்ளையர் கையில் இருந்தது.

1952-ல் மூன்று நீதிபதிகள் இரு பள்ளிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கட்டடம், பாடம், பேருந்து மூன்றிலும் மோட்டன் தாழ்ந்ததுதான் என்று ஒப்புக்கொண்டு, விரைந்து சமமாக்கச் சொன்னார்கள். பிரித்துவைப்பதில் மட்டும் யாருக்கும் தீங்கில்லையாம்! கவுண்டியும் சுறுசுறுப்பாக 1953-ல் புது மோட்டன் பள்ளியைத் திறந்தது. பிள்ளைகள் தொடக்கத்தில் கேட்டது கிடைத்துவிட்டது, வழக்கு மட்டும் நிற்கவில்லை.

இங்கே சற்று நிற்கிறேன். நான் படித்த ஊர்ப் பள்ளியில் கட்டடம் ஒன்று, வாத்தியார் ஒருவர், தண்ணீர்ப் பானையும் ஒன்று. ஆய்வுக்கு வந்த அதிகாரி எண்ணிப் பார்த்தால் எல்லாம் சமம். ஆனால் அந்தப் பானையில் சேரிப் பிள்ளைகள் கைவைக்கக் கூடாது. யாராவது மொண்டு ஊற்றும்வரை கையைக் குவித்தபடி நிற்போம். அந்தக் காத்திருப்பை எந்தப் பட்டியலில் எழுதுவது? மும்பை மாகாணத்துப் பள்ளியில் சாக்குத்துணியோடு தனியே உட்கார்ந்த சிறுவன் பீமராவுக்கும் மற்றவர்களுக்கும் கூரை ஒன்றுதான்.

1954 மே 17 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம் பிரவுன் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அதில் இணைக்கப்பட்ட ஐந்து வழக்குகளில் பிரின்ஸ் எட்வர்டும் ஒன்று. கண்ணுக்குத் தெரியும் வசதிகளை ஒப்பிடுவதோடு தீர்ப்பு நின்றுவிட முடியாது, பிரித்துவைப்பதே பிள்ளைகளிடம் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார் தலைமை நீதிபதி வாரன்.

பிறகு நடந்ததைச் சொல்லவே கூசுகிறது. 1959-ல், சேர்த்துப் படிக்க வைக்கும்படி நீதிமன்றம் நெருக்கியபோது, கவுண்டி நிர்வாகம் பள்ளிகளுக்குப் பணமே ஒதுக்கவில்லை. அரசுப் பள்ளிகள் எல்லாம் மூடப்பட்டன. வெள்ளையர் தனியார் பள்ளி தொடங்கிக்கொண்டார்கள். அதற்கு அரசு உதவித்தொகையும் வரிச்சலுகையும் கிடைத்தன. சேர்ந்து உட்கார்வதைவிடப் பள்ளியே இல்லாமல் போகட்டும் என்ற இந்த மனம் நமக்குப் புதிதா? பொதுக்குளத்தில் நாம் இறங்கினால் அந்தக் குளத்தையே கைவிடுகிற ஊர்களை அறிவோம்.

கறுப்புப் பிள்ளைகள் சிலர் வெளியூர் உறவினர் வீடுகளுக்குப் போனார்கள். சிலர் மாதா கோயில்களில் படித்தார்கள். பலர் வயலுக்குப் போனார்கள். 1964-ல் உச்சநீதிமன்றம் மறுபடியும் தலையிட்ட பின்புதான் கதவுகள் திறந்தன. வந்து சேர்ந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் கறுப்பர்கள். வெள்ளையர் தங்கள் தனியார் பள்ளியிலேயே தங்கிவிட்டார்கள்.

பார்பரா ஜான்ஸை அவள் பாதுகாப்புக்காக அலபாமாவில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பின்னாளில் அவர் நூலகராகி, 1991-ல் மறைந்தார். தலைமை ஆசிரியருக்கு வேலை போயிற்று. மழை ஒழுகிய கொட்டகைகள் சூழ நின்ற அந்தப் பழைய பள்ளி இன்று அருங்காட்சியகம்.

படிப்பை இழந்தவர்களுக்கு வெர்ஜீனியா அரசு 2004-ல் கல்வி உதவித்தொகை அறிவித்தது. 1959-ல் முதல் வகுப்புக்குப் போகவிருந்த ஆறு வயதுக் குழந்தைக்கு அப்போது வயது 51.