சிறு மேகமும் பெருங்கண்ணாடியும்

மன்னார் வளைகுடாக் கரையில் வாழ்ந்த நம் முன்னோர்க்கு வானம் வழிகாட்டியாக விளங்கிற்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதிய காயல் துறைமுகத்துக்கு, ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் வந்தன. கரை மறைந்தபின் அவற்றுக்குத் துணை விண்மீன்களே. துருவ விண்மீன் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் தெரிகிறதோ, ஏறக்குறைய அதுவே அவ்விடத்தின் அட்சரேகை. இன்று காயல்பட்டினத்தில் அது சுமார் எட்டரைப் பாகை. அவ்வுயரத்தை அளக்க அரபு மாலுமிகள் முடிச்சிட்ட கயிறு கோத்த சிறு மரப்பலகையைக் கையாண்டனர். அதன் பெயர் கமால். தரையிலும் கடலிலும் இருளில் வழியறிய விண்மீன்களை இறைவன் அமைத்தான் என்று திருமறை கூறும் உண்மையை, அவர்கள் தம் தொழிலிலேயே கண்டனர்.

வழியறிவதோடு முஸ்லிம் அறிஞர்கள் நின்றுவிடவில்லை. கி.பி. 964 அளவில் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி விண்மீன்களைப் பற்றிய தம் நூலில், ஆந்திரமேடா மண்டலத்தில் ஒரு சிறு மேகம் தெரிவதைப் பதிவு செய்தார். வெறுங்கண்ணால் அதற்குமேல் காண இயலாது. 1923இல் அமெரிக்காவின் வில்சன் மலையில், 2.5 மீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கியால் எட்வின் ஹபிள் அம்மேகத்துள் தனித்த விண்மீன்களைக் கண்டார். அது சுமார் 25 இலட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள வேறொரு விண்மீன் திரள் என்பது அதன்பின்னரே உறுதியாயிற்று.

தொலைநோக்கியின் கண்ணாடி ஒளியை ஏந்தும் பாத்திரம். வாய் அகன்ற அண்டா மழைநீரை மிகுதியாகப் பிடிப்பது போல, அகன்ற கண்ணாடி மங்கிய ஒளியையும் திரட்டும். நுண்மையையும் பிரித்துக் காட்டும். தமிழகத்தின் ஜவ்வாது மலையில், காவலூரில் 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் விட்டமுடையது. இந்தியா பங்கேற்க 2014இல் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்த முப்பது மீட்டர் தொலைநோக்கியோ அதைவிட 160 மடங்குக்கு மேல் ஒளியைத் திரட்ட வல்லது. அதன் கண்ணாடி 492 அறுகோணத் துண்டுகளால் ஆனது. அவற்றுள் ஒரு பகுதியை மெருகேற்றும் பணிக்கூடம் பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டையில் அமைந்துள்ளது.

இத்துணைப் பெரிய கண்ணாடி எதற்கு? 1300 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளியைப் பிடித்து, முதல் விண்மீன் திரள்கள் உருவான விதத்தை அறிவது ஒரு நோக்கம். பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களின் காற்றில் நீராவியும் உயிர்வளியும் உண்டா எனத் தேடுவது மற்றொன்று. நம் பால்வழியின் நடுவிலுள்ள கருந்துளையை விண்மீன்கள் சுற்றும் பாதையை அளந்து, ஈர்ப்பு விதியைச் சோதிப்பது மூன்றாவது.

இத்திட்டத்துக்குத் தேர்ந்த ஹவாய்த் தீவின் மவுனா கியா மலை அம்மண்ணின் மக்களுக்குப் புனிதமானது. அவர்களுடைய எதிர்ப்பால் 2015இலும் 2019இலும் பணி தடைப்பட்டது. பிறர் புனிதமெனப் போற்றுவதை மதித்தே அறிவைத் தேட வேண்டும். இதற்கிடையே சிலி நாட்டில் ஐரோப்பியரின் 39 மீட்டர் தொலைநோக்கி எழுந்து வருகிறது.

ஒரு காலத்தில் உலகின் மாபெரும் வானாய்வுக் கருவிகள் நம்மவரிடமே இருந்தன. சமர்கந்தில் உலுக் பேக் சுமார் 40 மீட்டர் ஆரமுடைய கல் வளைவைக் கட்டி, ஆயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன்களின் இடங்களை அளந்தார். 1449இல் தம் மகனின் ஆணையாலேயே அவர் கொல்லப்பட்டார். அவருடைய ஆய்வகமும் பாழாயிற்று. இஸ்தான்புல்லில் தகீயுத்தீன் 1577இல் நிறுவிய ஆய்வகம், 1580இல் சுல்தானின் ஆணையால் இடிக்கப்பட்டது. அந்நியப் படை வந்து அவற்றை அழிக்கவில்லை என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

2024 பிப்ரவரியில் தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரன்பட்டினத்தில் விண்கல ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. முத்துக் குளித்த கரையில் இனி ஏவுகலங்கள் எழும். பிறையும் கிப்லாவும் தொழுகை நேரமும் வானியலே என்பதை நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே உணர்ந்தால், இயற்பியலும் கணிதமும் அவர்களுக்கு அயலாகத் தோன்றா. அஸ்ஸூஃபியின் சிறு மேகத்தைத் தொடர்ந்து நோக்கும் கண்களில் நம் வீட்டுக் கண்களும் இருக்க, அல்லாஹ் அருள்வானாக!