கழுத்தில் நின்ற நீராவி

1839-இல் பிரான்சில் சேன் வெனானும் வான்ட்செலும் துளை வழியே வாயு பாயும் அளவுக்குச் சூத்திரம் எழுதினார்கள். அதில் ஒரு வேடிக்கை: எதிர்ப்புற அழுத்தம் பூஜ்யமானால் பாய்வும் பூஜ்யம்! வெற்றிடத்துக்குள் நீராவி நுழையவே நுழையாதாம்.

1860-களில் ஆர். டி. நேப்பியர் கணக்கை நம்பாமல் நீராவியையே சோதித்தார். வெளியழுத்தம் கொதிகலன் அழுத்தத்தில் ஏறத்தாழ பாதிக்கு இறங்கிய பிறகு, எவ்வளவு குறைத்தாலும் பாயும் அளவு கூடவுமில்லை, குறையவுமில்லை. துளையின் பரப்பைச் சதுர அங்குலத்தில் எடுத்து, கொதிகலன் அழுத்தத்தால் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கில்) பெருக்கி, 70-ஆல் வகுத்தால் விநாடிக்கு எத்தனை பவுண்டு என்பது கிடைத்துவிடும். பட்டறைக்கு அது போதும்.

காரணத்தை 1880-களில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் சொன்னார். துளையின் மிகக் குறுகிய இடமான கழுத்தில் நீராவி ஒலிவேகத்தை எட்டிவிட்டால், கீழே அழுத்தம் குறைந்த சேதி மேலே ஏறிவர முடியாது.

சுவீடனின் லாவால் கழுத்துக்கு அப்பால் குழாயை விரித்து அந்த வேகத்தையும் தாண்டவைத்தார். அவருடைய சிறு டர்பைன்கள் நிமிடத்துக்கு 30,000 சுற்று சுழன்றன.

நேப்பியர் 'ஏறத்தாழ பாதி' என்று கண்ட எல்லை, அதாவது வெளியழுத்தத்துக்கும் கொதிகலன் அழுத்தத்துக்கும் உள்ள விகிதம், உலர்ந்த பூரித நீராவிக்கு 0.577, மிகைவெப்ப நீராவிக்கு 0.546.