என்ஜிடிசிபி2

என்ஜிடிசிபி2 என்பது, இணையத்தில் தரவைக் கொண்டுசெல்லும் க்விக் நெறிமுறைக்கான திறமூல நிரலகம். சி மொழியில் எழுதப்பட்டு, எம்ஐடி உரிமத்தில் கிடைக்கிறது. தலைமை உருவாக்குநர் தட்சுஹிரோ சுஜிகாவா. பெயரில் டிசிபி இருந்தாலும் இது ஓடுவதென்னவோ யுடிபியின் மேல்தான்.

இதன் கதை ஸ்பிடியில் தொடங்குகிறது. கூகுள் 2009இல் அறிவித்த அந்த நெறிமுறைக்குச் சுஜிகாவா ‘ஸ்பிடிலே’ என்ற நிரலகத்தை எழுதினார். ஸ்பிடியை அடியொற்றி எச்டிடிபி/2 உருவானபோது, ஸ்பிடிலேயிலிருந்து என்ஜிஎச்டிடிபி2 கிளைத்தது. கர்ல், அப்பாச்சி, நோட்.ஜேஎஸ் ஆகியவை அதைப் பயன்படுத்துகின்றன.

2015 மே மாதம் தரமாக வெளியான எச்டிடிபி/2, பல கோரிக்கைகளை ஒரே டிசிபி இணைப்பில் அனுப்புகிறது. வழியில் ஒரு பொதி தொலைந்தால், அது மறுபடி வந்து சேரும்வரை மற்ற எல்லாமே காத்துக்கிடக்க வேண்டும். குறை டிசிபியில் இருந்ததால் மேலே எதைத் திருத்தியும் பயனில்லை. க்விக், ஒவ்வோர் ஓடையையும் தனித்தனியாகக் கணக்கு வைத்து இதைத் தீர்த்தது. கூகுளில் பிறந்த க்விக்கைப் பொதுத் தரமாக்க, இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் 2016இல் பணிக்குழு அமைத்தது. சுஜிகாவா அதற்கான என்ஜிடிசிபி2வைத் தொடங்கியது 2017இல். க்விக்கின் தரமான ஆர்எஃப்சி 9000 வந்தது 2021 மே மாதம். இடைப்பட்ட நான்காண்டுகளும் வரைவு மாறமாற நிரலும் மாறியது. க்விக்கின் மேல் ஓடும் எச்டிடிபி/3க்கான பகுதி என்ஜிஎச்டிடிபி3 என்ற தனி நிரலகமாயிற்று. என்ஜிடிசிபி2வின் 1.0 பதிப்பு 2023 அக்டோபரில்தான் வந்தது.

இந்த நிரலகத்தின் தனித்தன்மை அதன் ஒதுக்கம். அது சாக்கெட்டைத் திறக்காது. கடிகாரத்தைக்கூடத் தானாகப் பார்க்காது. வந்த பொதியையும் அப்போதைய நேரத்தையும் செயலி கொடுக்க வேண்டும். அனுப்ப வேண்டிய பொதியையும், அடுத்து எப்போது எழுப்ப வேண்டும் என்பதையும் அது சொல்லும். எந்தச் செயலிக்குள்ளும் பொருந்துவதற்கு இதுவே காரணம். கர்ல் 2019இல் சோதனை முறையில் எச்டிடிபி/3ஐச் சேர்த்தபோது எடுத்துக்கொண்ட இரண்டு க்விக் நிரலகங்களில் இதுவும் ஒன்று. மற்றது கிளவுட்ஃபிளேரின் க்வீஷ்.

மறையாக்கத்தையும் வெளியே விட்டதில்தான் சிக்கல் முளைத்தது. க்விக்குக்கு மறையாக்க நெறிமுறையான டிஎல்எஸ் 1.3 கட்டாயம். பரவலாகப் புழங்கிய டிஎல்எஸ் நிரலகமான ஓபன்எஸ்எஸ்எல்லோ, க்விக் நிரலகங்களுக்கு வேண்டிய இடைமுகத்தைத் தராமல் சொந்தமாக க்விக் எழுதப் போனது. மைக்ரோசாஃப்டும் அகமாயும் 2021இல் அதிலிருந்து க்விக்டிஎல்எஸ் என்று தனிக் கிளை பிரித்தன. அந்தக் கிளையுடனும் ஜிஎன்யுடிஎல்எஸ், போரிங்எஸ்எஸ்எல், வுல்ஃப்எஸ்எஸ்எல் ஆகியவற்றுடனும் என்ஜிடிசிபி2 சேர்ந்து இயங்கியது. 2025 ஏப்ரலில் வந்த ஓபன்எஸ்எஸ்எல் 3.5, பிறரின் க்விக் நிரலகங்களுக்கான இடைமுகத்தை ஒருவழியாகத் தந்தது. என்ஜிடிசிபி2 அதே ஆண்டில் அதற்கும் ஓர் இணைப்புப் பகுதியைச் சேர்த்துக்கொண்டது.