ஏதென்ஸ் நகரம் நாடகத்துக்கு ஈந்த கொடை

நாடகம் ஒன்றை மேடையேற்ற விரும்பும் இளைஞர் முதலிற் சந்திக்கும் வினா, கதை எது என்பதன்று. பொருள் எங்கே என்பதேயாம். உடைக்குப் பொருள் வேண்டும். விளக்குக்குப் பொருள் வேண்டும். பழக்கும் ஆசிரியருக்கும் பக்கவாத்தியகாரருக்கும் ஏதாவது கொடுத்தல் வேண்டும். தனவந்தர் ஒருவரின் வாயிலில் நிற்கலாம். வீடு வீடாகச் சென்று தண்டலாம். அன்றேல் நகரசபையின் உதவியை நாடலாம். மூன்றாவது வழியிற் செல்லும்போதுதான் சிக்கலான வினாக்கள் எழுகின்றன. பொதுப்பணம் எல்லோர்க்கும் உரியது. அதனை எந்தக் குழுவுக்குக் கொடுப்பது? யார் தெரிவு செய்வது? பெற்றவர் நன்றாக ஆடினரா என்று யார் தீர்ப்பது? கணக்கை யார் கேட்பது? இவ்வினாக்கள் நேற்றுத் தோன்றியவை அல்ல. ஏறக்குறைய 2,500 ஆண்டுகளுக்கு முன்னர் கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகர மக்கள் இவற்றை எதிர்நோக்கினர். அவர்கள் கண்ட விடைகளையும், அவ்விடைகளில் இருந்த குறைகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏதென்ஸ் மக்கள் நாடகத்தைத் தனியார் வாணிபமாகக் கருதவில்லை. டயோனிசஸ் என்னும் தெய்வத்துக்கு இளவேனிற் காலத்தில் எடுக்கப்பட்ட பெருவிழாவின் ஓர் அங்கமே நாடகம். அத்தெய்வத்தின் கோயிலை அடுத்த மலைச்சரிவிலேயே அரங்கும் அமைந்திருந்தது. திருவிழாக் காலத்திற் கோயில் வீதியிற் கூத்துப் பார்க்கும் வழக்கமுடைய நமக்கு இது விளங்காத செய்தியன்று.

விழாவின் அளவைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். நகரின் குடிமக்கள் பத்துப் பிரிவினராக வகுக்கப்பட்டிருந்தனர். ஒவ்வொரு பிரிவும் ஆடவர் பாடற்குழு ஒன்றையும் சிறுவர் பாடற்குழு ஒன்றையும் போட்டிக்கு அனுப்பும். குழுவொன்றுக்கு 50 பேர்; ஆகவே 1,000 பேர். இவற்றோடு மூன்று துன்பியற் புலவர்களும் ஐந்து இன்பியற் புலவர்களும் போட்டியிடுவர். துன்பியற் குழுவில் முதலில் 12 பேரும் பின்னர் 15 பேரும் இருந்தனர். இன்பியற் குழுவில் 24 பேர். எல்லாவற்றையும் கூட்டினால் ஆண்டுதோறும் 1,150 பேருக்கு மேற்பட்டோர் ஆடிப்பாட அரங்கிறங்கினர். இவர்கள் கூத்தைத் தொழிலாகக் கொண்டோர் அல்லர். கொல்லரும் உழவரும் வணிகருமாகிய சாதாரணக் குடிமக்களும் அவர்தம் பிள்ளைகளுமேயாவர்.

இத்தனை பேரையும் பழக்கி அரங்கேற்றுவதற்குப் பொருள் எவ்வாறு கிடைத்தது? நகரம் தன் கருவூலத்தை மாத்திரம் நம்பியிருக்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை மாறும் ‘ஆர்க்கோன்’ என்னும் அதிகாரி பதவியேற்றதும், நகரத்துப் பெருஞ்செல்வரில் மூவரைத் துன்பியற் குழுக்களின் புரவலராக நியமிப்பார். பிரிவுகளின் பாடற்குழுக்களுக்கு அந்தந்தப் பிரிவே புரவலரைத் தெரியும். இப்புரவலரைக் கிரேக்கர் ‘கொரேகோஸ்’ என்றனர். குழுவினரைத் திரட்டுதல், ஆசிரியரை அமர்த்துதல், பயிற்சிக் காலத்தில் உணவளித்தல், உடையும் முகமூடியும் செய்வித்தல் யாவும் அவர் பொறுப்பு. முதன்மை நடிகருக்குரிய ஊதியத்தையும் புலவருக்குரிய சன்மானத்தையும் நகரம் கொடுத்தது. இன்னும், குழுவிற் பயில்வோருக்கு அக்காலத்தில் போர்க்கடமையிலிருந்து விலக்கும் அளித்தது. செல்வர் கொடுத்ததை இன்றைய கண்கொண்டு நன்கொடை என்று மயங்குதல் கூடாது. அது சட்டம் விதித்த கடமை. வரி ஒன்று விழாவாக உருமாறி நின்றது எனலாம்.

அக்கடமையின் பாரம் எத்தகையது என்பதற்குச் சான்று ஒன்று உளது. லிசியாஸ் என்னும் பேரறிஞர் எழுதிய நீதிமன்ற உரையொன்றில், கைக்கூலி வாங்கியதாகக் குற்றஞ் சாட்டப்பட்ட ஒருவர் தாம் நகருக்குச் செய்தவற்றைக் கணக்கிட்டுக் கூறுகின்றார். கி. மு. 411 அளவில், பராயமடைந்த அந்த ஆண்டிலேயே, துன்பியற் குழுவொன்றுக்கு 3,000 திராக்மா செலவிட்டார். அடுத்த ஆண்டு ஆடவர் பாடற்குழுவொன்றுக்கு, வெற்றிச் சின்னத்தை நாட்டிய செலவு உட்பட, 5,000 திராக்மா செலவிட்டார். அக்காலத்தில் தேர்ந்த தொழிலாளியின் நாட்கூலி ஏறக்குறைய ஒரு திராக்மா. அவன் ஒருநாளும் ஓயாது பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் உழைத்தாற் பெறும் கூலியை இவர் ஒரு குழுவுக்கு ஒரே ஆண்டிற் கொடுத்தார். சட்டம் கேட்ட அளவோடு நின்றிருந்தால் இதிற் காற்பங்கும் செலவாகியிராது என்றும் அவரே கூறுகின்றார். பின் ஏன் கொடுத்தார்? புகழுக்காக, என்றேனும் ஒருநாள் நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்தால் மக்கள் நன்றி பாராட்டுவர் என்ற எண்ணத்துக்காகவும்.

‘என்னிலும் செல்வர் இன்னொருவர் இருக்க, என்னை ஏன் நியமித்தீர்?’ என்று கேட்பவருக்கும் வழி இருந்தது. அவர் அந்த மற்றவரைச் சுட்டி, ‘இக்கடமையை நீர் ஏற்றுக்கொள்ளும், அன்றேல் உம்முடைய சொத்து முழுவதையும் என்னுடைய சொத்தோடு மாற்றிக்கொள்ளும்’ என்று அறைகூவலாம். தம் செல்வத்தைக் குறைத்துக் கூறுவோர்க்கு இதனினும் கூரிய சோதனை வேறு யாது?

இனித் தீர்ப்பின் முறையைக் காண்போம். பொருள் கொடுத்த புரவலர் தீர்ப்பில் தலையிட முடியாது. பத்துப் பிரிவிலிருந்தும் தெரிந்தெடுத்த பெயர்களைப் பத்துக் குடங்களில் இட்டு, முத்திரை வைத்து, நகரக் கோட்டையிற் காவலில் வைத்தனர். போட்டியன்று ஒவ்வொரு குடத்திலிருந்தும் ஒரு பெயர் எடுக்கப்படும். அப்பதின்மரும் சத்தியஞ் செய்து அமர்ந்து, தம் தீர்ப்பைத் தனித்தனி எழுதி இடுவர். அவற்றுள்ளும் சிலவே குலுக்கி எடுத்து எண்ணப்பட்டன என்பது அறிஞர் கருத்து. யார் நடுவர் என்பதோ, யாருடைய தீர்ப்பு எண்ணப்படும் என்பதோ முன்கூட்டித் தெரியாதபோது, கைக்கூலி கொடுக்க எண்ணுபவன் யாரைத் தேடிச் செல்வான்?

விழா முடிந்தபின்னரும் காரியம் முடிவதில்லை. டயோனிசஸின் அரங்கிலேயே மக்கட்சபை கூடி, விழா ஒழுங்காக நடந்ததா, ஆர்க்கோன் தம் கடமையைச் செவ்வனே செய்தாரா என்று ஆராய்தல் வேண்டும் என்பது சட்டம். இச்சபையின் வலிமையை ஒரு நிகழ்ச்சி காட்டும். கி. மு. 348 இல் டெமொஸ்தெனிஸ் என்னும் புகழ்பெற்ற நாவலர் தம் பிரிவினரின் பாடற்குழுவுக்குப் புரவலராக முன்வந்தார். அதற்கு முன்னர் அப்பிரிவுக்குப் புரவலர் கிடைக்கவில்லை. அவருடைய பகைவராகிய மெய்டியாஸ் என்னும் செல்வர், குழுவுக்குச் செய்வித்த பொன்முடிகளைப் பொற்கொல்லரின் வீட்டில் வைத்தே அழிக்க முயன்றார் என்றும், பயிற்சி ஆசிரியரைக் கெடுத்தார் என்றும், ஈற்றில் அரங்கில் எல்லோர் முன்னிலையிலும் டெமொஸ்தெனிஸை அறைந்தார் என்றும் குற்றச்சாட்டு எழுந்தது. ஆசிரியர் தவறியபோது குழுவைக் காப்பாற்றியவர் இரட்டைக்குழல் வாசித்த கலைஞரே. அவரே ஆசிரியரை அகற்றிவிட்டுக் குழுவைத் தாம் பழக்கினார். விழாவின் பின் கூடிய சபை, மெய்டியாஸ் தவறிழைத்தார் என்றே கையுயர்த்திற்று. வழக்கு நீதிமன்றம் செல்லாமற் பணத்தில் முடிந்தது என்று டெமொஸ்தெனிஸின் எதிரி ஒருவர் பின்னர் ஏளனஞ் செய்தார். அஃது எவ்வாறாயினும், பெருஞ்செல்வர் ஒருவரைப் பாடற்குழுவொன்றின் பொருட்டு ஊரே நின்று கேள்வி கேட்டது என்பதே நாம் மனங்கொள்ளத் தக்கது.

பொதுப்பணம் பெற்ற கலைஞர் பொதுத் தலைவரைக் கண்டிக்கலாமா? இவ்வினாவுக்கு ஏதென்ஸ் இருவகையாகவும் விடை கூறிற்று. கி. மு. 494 இல் நட்பு நகராகிய மிலேற்றஸ் பாரசீகரிடம் வீழ்ந்தது. அத்துயரைப் பிரினிக்கஸ் என்னும் புலவர் நாடகமாக்கியபோது அரங்கமே அழுதது. தம் சொந்தத் துன்பத்தை நினைவூட்டினார் என்று மக்கள் அவருக்கு 1,000 திராக்மா தண்டம் விதித்து, அந்நாடகத்தை மீண்டும் ஆடலாகாது என்றும் தடுத்தனர். ஆயின் கி. மு. 424 இல் நிலைமை வேறு. அரிஸ்ரோபனிஸ் என்னும் இன்பியற் புலவர் அன்றைய செல்வாக்கு மிக்க தலைவராகிய கிளியோனை ‘குதிரைவீரர்’ என்னும் நாடகத்திற் கடுமையாக நையாண்டி செய்தார். இரண்டாண்டுகளுக்கு முன்னர் இதே கிளியோன் அவரை ஆலோசனைச் சபையின்முன் குற்றஞ் சாட்டியிருந்தார். அவ்வாறிருந்தும் நகரம் அவருக்குக் குழுவை அளித்தது. நடுவர் முதற்பரிசையும் அளித்தனர். அம்மக்களே சின்னாளிற் கிளியோனைப் படைத்தலைவராகவும் தெரிந்தனர்! நகரின் பணத்தைப் பெற்றதனாற் புலவரின் நா கட்டுண்டு போகவில்லை; நாடகம் சிரிக்க வைத்ததனால் மக்கள் தம் அரசியல் முடிவை மாற்றவுமில்லை. இரண்டும் தத்தம் இடத்தில் நின்றன.

இதுவரை கூறியவற்றால் ஏதென்ஸ் குறையற்ற நகரம் என்று எவரும் கருதற்க. எந்தப் புலவருக்குக் குழு அளிப்பது என்னும் முதற்படியை ஆர்க்கோன் ஒருவரிடமே விட்டனர். அவரோ கி. மு. 487 முதல் திருவுளச்சீட்டால் வந்தவர். நாடகம் அறிந்தவராயிருத்தல் வேண்டும் என்ற நியதியில்லை. சோபொக்கிளிஸ் குழு கேட்டபோது ஓர் ஆர்க்கோன் மறுத்துவிட்டுச் சிறியார் ஒருவருக்கு அளித்தார் என்று கிரற்றினஸ் என்னும் இன்பியற் புலவர் எள்ளி நகையாடினார். நடுவரும் தவறினர். இன்று உலகமெங்கும் ஆடப்படும் யூரிப்பிடிஸின் ‘மீடியா’, கி. மு. 431 இல் மூவரிற் கடைசியிடமே பெற்றது. பெண்கள் அரங்கில் ஏறவேயில்லை. விழாவின்போது நேசநாடுகள் செலுத்திய திறையை அரங்கிலே கொண்டுவந்து காட்டினர். நகரின் செல்வத்துக்கு உதவிய வெள்ளிச் சுரங்கங்களில் அடிமைகள் உழன்றனர். கலையின் ஒளியைப் போற்றும் நாம், அதற்கு எண்ணெய் வார்த்தவர் யார் என்பதையும் மறத்தல் தகாது.

அளவு மீறியதும் உண்டு. நான்காம் நூற்றாண்டில் விழாக் காட்சிகளைப் பார்ப்பதற்கு மக்களுக்கே பணம் பகிரும் நிதியொன்று வளர்ந்தது. மசிடோனிய மன்னர் பிலிப்பு நெருங்கி வரும்போது, விழாக்கள் மட்டும் குறித்த நாளிற் குறைவின்றி நடக்கின்றன, படைகளோ எப்போதும் பிந்தியே செல்கின்றன என்று டெமொஸ்தெனிஸ் வருந்திப் பேசினார். குழுவுக்காகத் தம் கைப்பணத்தைக் கொடுத்தவரே இவ்வாறு கூறினார் என்பதை நோக்குக. அந்நிதி போருக்குத் திருப்பப்பட்ட சிறிது காலத்துள், கி. மு. 338 இல், கெரோனியாப் போர்க்களத்தில் ஏதென்ஸ் தோற்றது. அந்நூற்றாண்டின் இறுதிக்குள் புரவலர் முறையும் நீங்கிற்று. நகரம் தெரிந்த அதிகாரி ஒருவர் விழாவை நடத்தினார். புரவலரின் பெயர் இருந்த இடத்தில் ‘மக்களே புரவலர்’ என்று கல்லிற் பொறித்தனர்.

ஏதென்ஸ் நகரில் இன்றும் வெற்றிச் சின்னம் ஒன்று நிற்கின்றது. கி. மு. 335 அளவில் லிசிக்கிராற்றிஸ் என்பவர் எடுப்பித்த அழகிய வட்டமண்டபம் அது. அவர் புரவலர் என்பதும், வென்றது எந்தப் பிரிவின் சிறுவர் குழு என்பதும், குழல் வாசித்தவர் யார், பழக்கியவர் யார், ஆர்க்கோன் யார் என்பதும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. பாடி வென்ற ஐம்பது சிறுவரின் பெயர்கள் மட்டும் அங்கில்லை.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? கொடுப்பவர் ஒருவர், தெரிபவர் வேறொருவர், தீர்ப்பவர் பிறிதொருவர், கணக்குக் கேட்பவர் ஊரார் என்று நான்கு கைகளையும் ஏதென்ஸ் பிரித்து வைத்தது. எங்கே பிரித்துக் காத்ததோ அங்கே அதன் ஏற்பாடு நின்றது. எங்கே ஒரு கையிலேயே விட்டதோ அங்கே சோபொக்கிளிஸும் வெறுங்கையோடு திரும்ப நேர்ந்தது. இன்று நகரசபையிடம் உதவி கேட்கும் இளைஞர், ‘எங்களுக்குத் தாருங்கள்’ என்பதோடு நின்றுவிடலாகாது. ‘எவ்வாறு தெரிகின்றீர்கள்? எங்களுக்குக் கிடையாவிடினும் நாங்கள் நம்பக்கூடிய முறையா அது?’ என்றும் கேட்டல் வேண்டும். பெற்றபின் கணக்கைத் தாமே முன்வந்து காட்டுதல் வேண்டும். பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. விழா மலரிலும் கல்வெட்டிலும் உபகாரம் செய்தவர் பெயரைப் பொறிக்குங்கள், அது முறையே. அதன் கீழே, ஆடிய பிள்ளைகளின் பெயர்களுக்கும் சிறிது இடம் விடுங்கள்.