முதியோர் இல்லப் பணியாளர்களின் தகுதியும் பயிற்சியும்: குடும்பத்தினர் அறிய வேண்டியவை

தாயையோ தந்தையையோ முதியோர் இல்லத்தில் சேர்க்க நேரும்போது கட்டடம், உணவு, கட்டணம் ஆகியவற்றைப் பார்ப்பது இயல்பு. ஆனால், நள்ளிரவில் அவர் கீழே விழுந்தால் அருகில் இருப்பவர் யார், அவர் என்ன பயிற்சி பெற்றவர் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

செவிலியர் யார்? உதவியாளர் யார்?

சீருடை அணிந்த அனைவரும் செவிலியர் அல்லர். துணைச் செவிலியர் படிப்பு 2 ஆண்டுகளும், செவிலியர் பட்டயப் படிப்பு 3 ஆண்டுகளும், பி.எஸ்சி. செவிலியர் பட்டப் படிப்பு 4 ஆண்டுகளும் கொண்டவை. இவற்றை முடித்தவர்கள் மாநிலச் செவிலியர் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

பராமரிப்பு உதவியாளர்கள் குறுகிய காலத் திறன் பயிற்சி பெற்றவர்கள். குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், நடக்கத் துணைபுரிதல் ஆகியவை அவர்களின் பணிகள். ஊசி போடுதல், சிறுநீர்க் குழாய் பொருத்துதல் போன்றவற்றை அவர்கள் செய்யக்கூடாது. மருந்தின் அளவை மருத்துவர் மட்டுமே மாற்ற வேண்டும்.

பணியாளர் அறிந்திருக்க வேண்டியவை

• படுக்கையில் இருப்பவரை ஏறத்தாழ 2 மணி நேரத்திற்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தல். தவறினால் படுக்கைப் புண் உண்டாகும்.
• விழுங்கச் சிரமப்படுபவரை நிமிர்த்தி உட்கார வைத்து, சிறிது சிறிதாக உணவூட்டுதல். படுத்த நிலையில் ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் செல்லக்கூடும்.
• மறதிநோய் உள்ளவரைக் கடிந்துகொள்ளாமல், கட்டி வைக்காமல், பொறுமையுடன் அமைதிப்படுத்துதல்.
• கைகழுவுதல், முதலுதவி.
• திடீர்க் குழப்பத்தை அடையாளம் காணுதல். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று பிதற்றினால், அது முதுமையின் இயல்பு அன்று. நோய்த்தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, இரத்தச் சர்க்கரை குறைதல் போன்றவை காரணமாகலாம். உடனடியாக மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

சேர்க்கும் முன் கேளுங்கள்

1. இல்லத்தின் பதிவுச் சான்றிதழைக் காண இயலுமா?
2. இரவுப் பணியில் எத்தனை பேர் உள்ளனர்? அவர்களுள் செவிலியர் உண்டா?
3. மருந்து கொடுப்பவர் யார்? அது எங்கே பதிவு செய்யப்படுகிறது?
4. புதிய பணியாளருக்கு யார் பயிற்சி அளிக்கிறார்? பயிற்சி மீண்டும் எப்போது வழங்கப்படும்?
5. அவசர நிலையில் எந்த மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வார்கள்?

சான்றிதழ் மட்டும் போதாது. மதிய உணவு வேளையில் ஒருமுறை நேரில் சென்று பாருங்கள். முதியவரை எப்படி அழைக்கிறார்கள், எவ்வளவு பொறுமையாக ஊட்டுகிறார்கள் என்பதிலேயே பயிற்சியின் தரம் தெரியும்.

சட்டப் பாதுகாப்பு

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007, முதியோர் இல்லங்களுக்கான தரநிலைகளை வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு அளிக்கிறது. கவனக்குறைவோ துன்புறுத்தலோ நடப்பதாகத் தெரிந்தால், முதியோர் உதவி எண் 14567-ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை. மாவட்டச் சமூக நல அலுவலரிடமும் முறையிடலாம்.

கேள்வி கேட்பது அவநம்பிக்கை ஆகாது. நன்கு பயிற்சி பெற்ற பணியாளர்களைக் கொண்ட இல்லம் இக்கேள்விகளுக்குத் தயங்காமல் விடையளிக்கும்.