நின்று பார்க்கும் நாய்

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் என்னோடு காலை நடைக்கு வரும் ராஜபாளையம் நாய்க்குத் தெருமுனை வேப்பமரம், மின்கம்பம், ஆலைச் சுவரோரம் எல்லாமே நிற்கவேண்டிய இடங்கள். நெடுநாள் நான் சங்கிலியை இழுத்துக்கொண்டேதான் நடந்தேன். நேரமாகிறது என்பது என் கட்சி. அதன் கட்சியை நான் கேட்டதில்லை.

நம் வரலாறும் கேட்டதாகத் தெரியவில்லை. சங்கப் பாடல்களில் வரும் ஞமலி பெரும்பாலும் வேட்டுவனுக்காக ஓடுகிறது. ராஜபாளையம் நாய்களைப் பாளையக்காரர் போர்களோடு சேர்த்துச் சொல்லும் கதைகளிலும் பாய்ச்சலும் கடியுமே மிகுதி. (அவற்றில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு ஊர்ப்பெருமை என்பது வேறு விவாதம்.) 2005 சனவரியில் இந்திய அஞ்சல்துறை இவ்வினத்துக்கு ஓர் அஞ்சல்தலை வெளியிட்டது. நாயின் பெருமை எப்போதும் அது நமக்குச் செய்த வேலையால்தான் அளக்கப்பட்டு வந்திருக்கிறது.

ஒரு கல் மட்டும் என்னை யோசிக்க வைத்தது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள அந்த நடுகல் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கும் பூசலில் இறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல். அதில் அவனுடைய நாயும் உண்டு. அதற்குக் கோவிவன் என்று பெயரும் உண்டு. கள்ளரைக் கடித்துக் காத்திருந்தது என்று அந்நாயைப் பற்றிக் கல்வெட்டு சொல்கிறது. காவல் காத்ததைச் சொல்லும் சொல்தான். ஆனாலும் தமிழில் காத்திருத்தல் என்பதற்குள் ஒரு நிற்றல் இருக்கிறது. நாய் அசையாமல் நின்ற ஒரு பொழுதை யாரோ பார்த்திருக்கிறார்கள்.

நிற்பது ராஜபாளையத்துக்குப் பிறவிக்குணம். கண்ணால் கண்டு துரத்தும் வேட்டைநாய் அது. பார்த்த பிறகே ஓடும். இவ்வினத்தின் வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு அரிதன்று. அப்படிப்பட்ட நாய்க்குக் கண்ணும் மூக்கும்தான் உலகம். செவி கேட்கும் நாய்க்கும் மூக்கே முதன்மை. உள்ளிழுக்கும் காற்றில் ஒரு பகுதி மூச்சுக்குப் போகாமல் மோப்பத்துக்கென்றே தனிவழியில் பிரிகிறது. நேற்று யார் கடந்தார், எத்திசையில் போனார் என்பதை அது தரையில் வாசிக்கிறது. பாதி வாசிப்பில் புத்தகத்தைப் பிடுங்கினால் நமக்கு எப்படியிருக்கும்?

2019இல் துரான்டன், ஹொரோவிட்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் வீட்டு நாய்களை இரண்டு குழுவாகப் பிரித்தனர். ஒரு குழு இரண்டு வாரம் மோந்து தேடப் பழகியது. மற்றது எசமானின் காலோடு ஒட்டி நடக்கப் பழகியது. பிறகு, தீனி இருக்குமோ இராதோ என்று ஐயப்படத்தக்க இடத்தில் கிண்ணத்தை வைத்தபோது, மோந்து பழகிய நாய்கள் முன்னைவிட விரைந்து அதை நாடின. மற்றக் குழுவில் அந்த மாற்றம் இல்லை. சின்ன ஆய்வுதான், இருபது நாய்கள். நம்பிக்கை மூக்கின் வழியாகவும் வரும் போலும்.

இப்போது சங்கிலியைத் தளர விட்டிருக்கிறேன். தீப்பெட்டி ஆலைச் சுவரோரம் நேற்று நெடுநேரம் நின்றது. நானும் நின்றேன். ஒருமுறை தும்மியது, என்னைத் திரும்பிப் பார்த்தது, பிறகு தானாகவே நடந்தது.