தோல் லிம்போமாவும் ஒளிச் சிகிச்சையும்

தோலில் தோன்றும் லிம்போமாக்களில் அதிகம் காணப்படுவது மைகோசிஸ் ஃபங்காய்டஸ். பாரிஸ் செயின்ட் லூயி மருத்துவமனையின் ழான் லூயி அலிபேர் 1806இல் இதை முதலில் விவரித்தார். டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் புற்றாகித் தோலில் குடியேறுகின்றன. தொடக்கத்தில் மெல்லிய படை; பின்னர் தடிப்பு, சிலருக்குக் கட்டி. நோய் நெடுநாள் மேலடுக்கிலேயே தங்குவதால்தான் ஒளிக்கு எட்டுகிறது.

அந்த ஒளி வெண்புள்ளிச் சிகிச்சையின் வழியே வந்தது. எகிப்தியர் ஒரு நைல்கரைச் செடியின் விதையைக் கொடுத்து நோயாளியை வெயிலில் நிறுத்தினர். நம் நாட்டு வைத்தியத்தில் அந்த இடம் கார்போக அரிசிக்கு. இரண்டிலும் இருப்பது சோராலென் வகைப் பொருள். எகிப்தியச் செடியிலிருந்து பிரித்தெடுத்த மெத்தாக்சலெனைக் கெய்ரோவில் எல் மொஃப்டி 1940களின் பிற்பகுதியில் வெண்புள்ளிக்குத் தந்தார்.

வெயிலின் அளவு நாளுக்கு நாள் மாறும். அந்தக் குறையைத் தீர்த்தது பாஸ்டன். 1974இல் பாரிஷ், ஃபிட்ஸ்பாட்ரிக், இந்தியாவில் பிறந்த மது பாதக் உள்ளிட்டோர், மெத்தாக்சலென் மாத்திரை தந்து, புற ஊதா ஏ விளக்குகள் சூழ்ந்த பெட்டிக்குள் சொரியாசிஸ் நோயாளிகளை நிற்கவைத்தனர். ‘புவா’ எனப்படும் இம்முறையை, அதே நகரின் பார்பரா கில்கிறெஸ்ட் குழு 1976இல் மைகோசிஸ் ஃபங்காய்டஸுக்குப் பயன்படுத்தி, படைகள் மறைவதைக் காட்டியது. டிஎன்ஏவின் இழைகளுக்கிடையே செருகிக்கொள்ளும் சோராலென், ஒளி பட்டதும் அவற்றைப் பிணைத்துவிடுகிறது. புற்றணு பெருக முடியாமல் மடிகிறது. தடித்த கட்டியின் அடிவரை ஒளி இறங்காது. அங்கே கதிர்வீச்சு தேவைப்பட்டது.

விலையும் இருந்தது. மாத்திரை குமட்டியது, கண்ணைக் காக்கக் கறுப்புக் கண்ணாடி அணிய வேண்டியிருந்தது. புவா பெற்ற சொரியாசிஸ் நோயாளிகளைப் பல்லாண்டு தொடர்ந்த அமெரிக்க ஆய்வில் வேறு வகைத் தோல் புற்று கூடியிருந்தது. ஒரு புற்றை அடக்கும் மருந்து இன்னொன்றை விதைப்பது சிறிய செய்தியல்ல. அதனால் 1980களில் வந்த, 311 நானோமீட்டர் அருகே மட்டும் ஒளிரும் குறும்பட்டைப் புற ஊதா பி விளக்கு பெரும் ஆறுதல். அதற்கு மாத்திரையே வேண்டாம். ஆனால் அவ்வொளி ஆழம் போகாது. மெல்லிய படைக்கு அது, தடிப்புக்குப் புவா என்ற வழக்கம் நிலைத்தது.

புற்றணுக்கள் இரத்தத்திலும் கலக்கும் செசாரி நோய்க்கு யேல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் எடெல்சன் வேறு வழி கண்டார். இரத்தத்தை வெளியே எடுத்து, வெள்ளணுக்களைப் பிரித்து, சோராலெனுடன் ஒளியூட்டி உடலுக்கே திருப்பினார். 1987இல் வெளியான முடிவில் தோல் டி செல் லிம்போமா உள்ள 37 பேரில் 27 பேருக்குப் பலன் தெரிந்தது. மறு ஆண்டே அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. இம்முறை இன்று தனியாகவும் இன்டர்ஃபெரான், பெக்சரோடின் போன்ற மருந்துகளுடனும் தரப்படுகிறது.